யாருடைய வருஷம்

வெள்ளவத்தை
1947 செப்டம்பர் 10

கொன்ஸ்ரன்ஸ் அக்காவுக்கு,

ஐந்து வருஷத்துக்குப் பிறகு என் கையெழுத்தைக் கண்டதும் யாரோ செத்துப்போனார்கள் என்று பயப்பட வேண்டாம். இங்கே புருஷனும் பெண்சாதியுமாக நானும் ஐறீனும் சுகம். இது வீட்டுக் கடிதம் அல்ல, என் உத்தியோகத்தோடு பட்ட கந்தோர் விஷயம். ஆனாலும் கந்தோர்க் கடதாசியில் எழுதவில்லை. ஏன் என்பது கீழே விளங்கும்.

வெள்ளம் வடிந்த பிறகு எங்கள் கந்தோரில் நிவாரணப் பிரிவு என்று ஒன்றைத் திறந்து, என்னையும் அதற்குள் தூக்கிப் போட்டுவிட்டார்கள். பயிர் அழிந்த கமக்காரர்களுக்கு அரசாங்கம் மறுவிதைப்புக்கு விதைநெல்லும், கைச்செலவுக்குக் கொஞ்சச் சல்லியும் கொடுக்கிறது. அந்தந்த ஊருக்கு அதிகாரியான விதானை சரி என்று எழுதி அனுப்புவதை நாங்கள் பார்த்து, முத்திரை குத்தி, மேலே அனுப்ப வேண்டும். நேற்று ஹெந்தளையிலிருந்து வந்த கடதாசிக் கட்டை அவிழ்த்தேன். நம்முடைய வயல் இருந்தது. இரண்டு புசல் நெல் விதைக்கிற பரப்பு, கோயிலுக்குப் பின்னால் உள்ள தாழ்வு நிலம், கதிர் முற்றிய நெல் முழுவதும் நாசம். எல்லாம் சரி. பயிரிட்டவர் பெயர் என்ற இடத்தில் என் பெயர்!

அக்கா, நான் அரசாங்கத்தில் சம்பளம் வாங்குகிறவன். வெள்ளவத்தையில் வாடகை வீட்டில் இருக்கிறேன். என் வீட்டில் மண் என்றால் ரோஜாச் செடித் தொட்டிக்குள் இருப்பதுதான். அப்படிப்பட்ட நான் ஹெந்தளையில் நெல் விதைத்தேன் என்று சொல்லி நிவாரணம் எடுத்தால், என்னைக் கந்தோரை விட்டு அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். அந்தக் கடதாசியை இப்போதைக்கு என் மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிறேன். எங்கள் பெரிய கிளாக்கர் றேமண்ட் ஐயா இன்னும் பார்க்கவில்லை.

யார் இதைக் கொடுத்தது? நீங்களா, விதானையார் தானாகப் போட்டாரா? ஏன் என் பெயர்? நான் அந்தச் சேற்றில் இனிமேல் கால் வைப்பதில்லை என்று சொல்லிவிட்டுத்தானே வந்தேன்? உடனே பதில் எழுதவும். அடுத்த மாத நடுவுக்குள் கட்டு மேலே போக வேண்டும்.

இப்படிக்கு,
ஒஸ்வால்ட்

(வீடு வெள்ளத்துக்குத் தப்பியதா என்று எழுதவும்.)


யேசு மரி சூசை துணை

ஹெந்தளை
1947 செப்டம்பர் 15

அன்புள்ள தம்பிக்கு,

வீடு தப்பியதா என்ற கேள்வியைப் பிறைக்கோட்டுக்குள் போட்டு, கடைசியில் ஒளித்து வைத்திருக்கிறாய். தப்பியது. குசினிச் சுவர் மட்டும் விழுந்தது. நாங்கள் கோயில் மண்டபத்தில் படுத்தோம். வயலில் எனக்கு உதவிக்கு இருக்கிற இருளப்பன் தன் எருமையையும் மண்டபத்துக்குள் ஏற்றப் பார்த்தான். சுவாமியார் முதலில் மாட்டேன் என்றார். பிறகு அதன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். அத்தானுக்குத் துறைமுகத்தில் வேலை, அந்த நேரம் பார்த்து அவர் அங்கேயே அகப்பட்டுக்கொண்டார். உனக்குக் கந்தோரில் வெள்ளம் கடதாசியில் வந்தது. எங்களுக்குச் சதுப்புப் பக்கமாக, பின்வாசலால் வந்தது. அறுவடைக்கு நாள் பார்த்திருந்த நெல் முழுவதும் தண்ணீருக்குள் கிடந்து முளைத்தது. அந்த மணம் இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை.

கொடுத்தது நான்தான். விதானையாரைக் குறை சொல்லாதே.

ஏன் உன் பெயர் என்று கேட்கிறாய். நீ படித்தவன், கந்தோர்க்காரன், தலைக்குள் வேறு விஷயங்கள் இருக்கும், அதனால் மறந்திருப்பாய். நம்முடைய வயல் தட்டுமாறு வயல். இரண்டாக வெட்டிப் பங்கு போட்டால் ஒருவருக்கும் உதவாது என்று ஒரு வருஷம் உனக்கு, ஒரு வருஷம் எனக்கு என்று அப்பா விட்டுப்போனது. போன வருஷம் என்னுடையது. இந்த வருஷம் உன்னுடையது. வெள்ளம் உன்னுடைய நெல்லைத்தான் தின்றது. பிறகு யார் பெயரை எழுதச் சொல்கிறாய்? என் பெயரை எழுதினால் அதுதானே பொய்?

நீ செங்கல் சூளைக்காரனுக்கு உன் பாதியை விற்கப் பார்த்து, நான் சம்மதிக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு போனாய். போனது நீ. உன் வருஷம் போகவில்லை.

முத்திரையைக் குத்து. விதைநெல் மழைக்கு முன்னம் வர வேண்டும்.

இப்படிக்கு,
அக்கா


வெள்ளவத்தை
1947 செப்டம்பர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். எருமை தப்பியது சந்தோஷம்.

ஆனால் நீங்கள் சொல்வது கந்தோருக்குச் செல்லாது. வயல் யாருக்கு உரிமை, இது யாருடைய வருஷம் என்று அரசாங்கம் கேட்கவில்லை. விதைத்தது யார் என்றுதான் கேட்கிறது. என்னால் அடக்க முடியாமல், பெயர் சொல்லாமல் றேமண்ட் ஐயாவிடம் கதையை மட்டும் சொன்னேன். "அக்காள் விதைச்சா எண்டால் அக்காளிண்ட பேரைப் போடுங்கோ. ஒரு கோடு கீறி மாத்தினால் முடிஞ்சுது, இதுக்கு ஏன் மண்டையை உடைக்கிறீங்கள்?" என்றார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. ஓம் என்று ஒரு வரி எழுதுங்கள், உங்கள் பெயரை எழுதிவிடுகிறேன். விதைநெல் வந்துவிடும்.

என் வருஷம் போனால் போகட்டும்.

ஒரு விஷயம் மட்டும் மூளைக்குள் எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருக்கிறது. அப்பா இருக்கும்போது, யாருடைய வருஷமோ அவர்தான் முதல் பிடி நெல்லை எறிய வேண்டும், இல்லாவிட்டால் ஊரார் அதை அவருடைய விதைப்பாகக் கணக்கெடுக்க மாட்டார்கள் என்று சொல்வார். நான் எறியவில்லை. அப்படியானால் இதை என்னுடைய விதைப்பு என்று விதானையார் எப்படி எழுதிக் கொடுத்தார்? அவர் சும்மா கையெழுத்து வைக்கிற மனிதர் அல்ல. யார் எறிந்தது? இருளப்பனா? தெரியாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

இரவுச் சாப்பாட்டில் ஐறீனிடமும் சொன்னேன். உங்களைப் பற்றிய பேச்சை எடுத்தால் வழக்கமாக அவள் எழும்பிப் போய்விடுவாள். சண்டையன்று நீங்கள் அவளைப் பற்றிச் சொன்னது அப்படி. இந்தமுறை எழும்பவில்லை. "அப்ப அக்காவுக்கு நெல்லுக் கிடைக்காதா?" என்று கேட்டாள். அக்கா என்றாள்! அந்தோனியார் அவள் மனதை இளக்கியிருக்கிறார் என்று நினைக்கிறேன். எத்தனையோ காலமாகச் செவ்வாய்க்கிழமை தவறாமல் கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போகிறாள். வரும்போது கோயில் வாசலில் வாங்கினேன் என்று நல்ல வல்லாரை கொண்டுவருவாள். வெள்ளவத்தைச் சந்தையில் அப்படி ஒன்று கிடைக்காது.

பதிலை எதிர்பார்க்கும்,
ஒஸ்வால்ட்


யேசு மரி சூசை துணை

ஹெந்தளை
1947 செப்டம்பர் 24

தம்பி,

போனால் போகட்டும் என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். அந்த வரியை வாசித்துவிட்டு அடுப்பில் இருந்த சோற்றை மறந்து கருக விட்டேன். கூப்பனுக்கு அளந்து தந்த அரிசி. அத்தான் கருகல் சோற்றைத்தான் தின்றார்.

கேட்டுக்கொள். உன் வருஷத்தில் என் பெயரில் வயல் எழுதப்பட்டால், நீ முறையை விட்டுக்கொடுத்துவிட்டாய் என்று அர்த்தம். பிறகு அடுத்த வருஷம் என்னுடையது, அதற்கடுத்த வருஷமும் என்னுடையது. விதானையார் உன் பெயரை அடித்துவிடுவார். நீ கோபித்துக்கொண்டு போனபோதும் இந்த ஊரில் உனக்கு ஒரு இடம் இருந்தது. ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் அந்தச் சேறு உன்னுடையது. சண்டை பிடித்த தம்பி எனக்கு இருக்கலாம். தம்பியே இல்லை என்று ஆக நான் கையெழுத்து வைக்க மாட்டேன். விதைநெல் வராவிட்டால் வயல் சும்மா கிடக்கட்டும். பட்டினி கிடந்து பழகியவள்தான் நான். என் பெயரை மட்டும் எழுதாதே. எழுதினால் செத்தாலும் உன்னோடு கதைக்க மாட்டேன்.

இனி முதல் பிடிக்கு வருகிறேன். இருளப்பன் எறியவில்லை. அவன் எறிந்தால் செல்லாது. வயலுக்குரிய ஆள் வரமுடியாமல் போனால், அவன் அடுப்பில் பொங்கியதைத் தின்கிற ஒருவர் அவனுக்காக எறியலாம். அது அப்பா காலத்துக்கு முன்னமே உள்ள வழக்கம். சித்தப்பா காய்ச்சலாய்க் கிடந்தபோது சின்னம்மா எறிந்தது உனக்கு நினைவிருக்கும்.

யார் என்று சொல்ல மாட்டேன். சொல்வதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறேன். நான் பெயர் சொல்லவில்லை, கவனித்துக்கொள்.

நீ போன பிறகு வந்த உன் முதல் வருஷத்தில், விதைப்புக்கு நாள் குறித்து, வயலை உழுது, கூடையில் நெல்லை வைத்துக்கொண்டு வரம்பில் நின்றேன். எறிய ஆள் இல்லை. இருளப்பன் எருமையின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றான். எனக்கு அழுகை வந்தது. அப்போது கோயில் பக்கத்தால் ஒரு ஆள் வந்தது. என்னைப் பார்த்ததும் திரும்பிப் போகப் போவது போல் நின்றது. பிறகு சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்தது. வரம்பில் வழுக்கி ஒருமுறை விழுந்தது. எழும்பி, கூடைக்குள் கைவிட்டு, எறிந்தது. சின்னக் கை, சின்னப் பிடி. பாதி நெல் இருளப்பனின் தலையில் விழுந்தது. அன்றைக்குத் தொடங்கி உன் வருஷங்களில் முதல் பிடி தவறவில்லை. முதல் பிடி மட்டுமல்ல. களை பிடுங்கினது, வரம்பு கட்டினது, இப்போது எறிந்தால் ஒரு நெல்லும் வெளியே விழாது.

அந்தோனியார் காணாமல் போன பொருளைக் கண்டுபிடித்துத் தருகிறவர் என்று சொல்வார்கள். நீயும் ஒரு செவ்வாய்க்கிழமை போய்க் கேட்டுப் பாரேன். வல்லாரை வாசலில் விற்கிறதா என்றும் பார்த்துக்கொள்.

அக்கா


வெள்ளவத்தை
1947 ஒக்டோபர் 1

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்தபோதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. என் அடுப்பில் தின்கிறது நானும் ஐறீனும் மட்டும் என்பதை நினைத்துப் பார்த்துவிட்டு, அப்படியானால் முன்பு எங்கள் வீட்டில் சமைத்த மயிலம்மா ஹெந்தளைக்குப் போய் வந்தாளோ என்று யோசித்தேன். சிரிக்க வேண்டாம். ஐறீன் அப்படிச் செய்வாள் என்று என் தலைக்குள் நுழையவே இல்லை.

நேற்றுச் செவ்வாய். அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு கொச்சிக்கடைக்குப் போனேன். கோயிலுக்குள் தேடினேன். சனம் முட்டிக்கொண்டு நின்றது, ஐறீன் இல்லை. வாசலில் மெழுகுதிரி விற்றார்கள், கடலை விற்றார்கள். வல்லாரை இல்லை. விற்கிற அம்மாவிடம் சிங்களத்தில் கேட்டேன், என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். வெயிலில் நின்றேன். பின்னேரம் உங்கள் பக்கத்து பஸ் வந்து நின்றது. ஐறீன் இறங்கினாள், கையில் வல்லாரைக் கட்டு. சேலைக் கரையில் ஈரம்.

நான் கோபமாக ஏதோ சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் முந்திவிட்டாள்.

"கோயிலுக்குப் போறனான்தான். முதல்ல கோயில், பிறகு வயல். பொய் சொல்லேல்ல. வல்லாரை மட்டும் பொய்."

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"சொன்னால் விட்டிருப்பீங்களா?"

விட்டிருக்க மாட்டேன். அதையும் அவளே சொல்லிவிட்டாள்.

நடந்து போகும்போது கேட்டேன், அவ்வளவு கதை கேட்டும் ஏன் போனாய் என்று. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீங்கள் கேட்க வேண்டியது: "கொட்டாஞ்சேனைக் கொன்வென்ட்காரி, சேறு பட்டால் கழுவத் தெரியாதவள் எண்டு உங்கட அக்கா சொன்னா. சண்டை பிடிக்கத்தான் போனனான். போய்ப் பாத்தால் அவ வரம்பில நிண்டு அழுறா. அழுகிற மனிசியோட எப்பிடிச் சண்டை பிடிக்கிறது? சப்பாத்தைக் கழட்டினன். கழுவத் தெரியுமெண்டும் காட்டினன்."

அக்கா, எனக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. எது கூட என்று தெரியவில்லை. கொச்சிக்கடைத் தெருவில் நின்று கண்ணைத் துடைத்தேன், தூசி என்று சொன்னேன். அவள் நம்பினதாகக் காட்டிக்கொண்டாள்.

இன்றைக்குக் காலையில் லாச்சியிலிருந்த கடதாசியை எடுத்துக்கொண்டு போய் றேமண்ட் ஐயாவின் மேசையில் வைத்தேன். இது எனக்கும் என் அக்காவுக்கும் உள்ள வயல், எழுதியிருப்பது என் பெயர், விதைத்தது என் மனைவி, இதில் நான் முத்திரை குத்தக் கூடாது, நீங்களே பாருங்கள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உமக்கு வேலை வேண்டாமா?" என்றார். வேண்டும் என்றேன். "அப்ப நானே போய்ப் பாக்கிறன். பொய்யெண்டு கண்டால் மேல எழுதிப்போடுவன்" என்றார். வருகிற செவ்வாய்க்கிழமை வருகிறார். ஐறீனும் வருவாள். நான் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். இங்கே எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

என்ன நடந்தது என்று ஒன்றும் விடாமல் எழுதுங்கள்.

தம்பி


யேசு மரி சூசை துணை

ஹெந்தளை
1947 ஒக்டோபர் 8

அன்புள்ள தம்பிக்கு,

நான் பெயர் சொல்லவில்லை. நீயாகக் கண்டுபிடித்தாய். சத்தியம் பழுதாகவில்லை.

அவள் சொன்னதை எனக்கு எழுதியிருக்கிறாய். நான் அழுததை அவள் சொல்லாமல் விட்டிருக்கலாம். நான் அவளைப் பற்றி அன்றைக்குச் சொன்னதும் சரியில்லைத்தான். அதை அவளிடம் எப்போதோ சொல்லிவிட்டேன். உனக்கு ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

உன் றேமண்ட் ஐயா வந்தார். வெள்ளைக் காற்சட்டை, பளபளவென்று சப்பாத்து, குடை. விதானையார் கூடவே வந்தார். உன் ஐயா வரம்பில் நின்றுகொண்டு, ஐறீனைப் பார்த்து, "நீங்களா விதைச்சது?" என்றார். "ஓம்" என்றாள். "என்ன நெல்லு?" சொன்னாள். "எப்ப களை எடுத்தீங்கள்? தண்ணி எங்கால வாறது? எங்கால விடுறது?" பெரிய பரீட்சை. அவள் வாயால் சொல்லவில்லை. சப்பாத்தைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு இறங்கினாள். வெள்ளம் கொண்டுவந்து போட்ட வண்டல் முழங்காலுக்கு வரும். நேரே போய்த் தண்ணீர் வாயில் அடைத்திருந்த சேற்றைக் கையால் அள்ளி எறிந்து காட்டினாள். ஒரு உருண்டை வந்து உன் ஐயாவின் காற்சட்டையில் ஒட்டியது. வேண்டுமென்று செய்தாளோ தெரியாது. கேட்டேன், சிரித்தாள்.

அவர் குனிந்து காற்சட்டையைப் பார்த்தார். பிறகு விதானையாரிடம் சிங்களத்தில், இது யார் வீட்டு விதைப்பு என்று கேட்டார். விதானையார் உன் பெயரைச் சொன்னார், விதைத்தது இவள் என்றும் சொன்னார். உன் ஐயா சரி, இரண்டையும் எழுதுகிறேன் என்றார். பயிரிட்டவர் ஐறீன், ஒஸ்வால்டின் மனைவி, ஒஸ்வால்டின் முறைக்கு. அப்படியே எழுதி, அங்கேயே குடையை விதானையார் கையில் கொடுத்துவிட்டுக் கையெழுத்தும் வைத்தார். அரசாங்கம் கேட்டதற்கும் பதில் சரி, ஊர் வழக்கத்துக்கும் சரி. உன் பெயர் நிலைத்துவிட்டது தம்பி. விதைநெல் இந்தக் கிழமை வரும்.

இன்னும் ஒன்று. வெள்ளம் தின்ற வருஷத்தை அந்த வருஷம் முடிவதற்குள் அதே வீடுதான் மறுபடி விதைக்க வேண்டும். அப்பா காலத்தில் அப்படித்தான் நடந்தது. ஆகையால் இந்த மறுவிதைப்பும் உன்னுடையது. ஐப்பசி மழை முந்தியே தொடங்கிவிட்டது. 21ஆம் திகதி செவ்வாய்க்கிழமை நாள் பார்த்திருக்கிறேன்.

ஐறீனிடம் முதல் பிடிக்கு வா என்றேன். மாட்டாளாம். இத்தனை காலம் அந்தோனியாருக்குக் கொடுக்கவேண்டிய செவ்வாய்க்கிழமைகளில் பாதியை உன் வயலுக்குக் கொடுத்துவிட்டாளாம். அந்தச் செவ்வாய் முழுவதும் கோயிலாம். சொல்லிவிட்டு மண்ணைக் கழுவப் போய்விட்டாள். அவள் முடிவு செய்தால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது என்று உனக்குத் தெரியும்.

அப்படியானால் உன் அடுப்பில் தின்கிறவர்கள் வேறு யார் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பார். மயிலம்மா செல்லாது.

அக்கா


வெள்ளவத்தை
1947 ஒக்டோபர் 17

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை ஐறீன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். தபாலில் போட்டால் பிந்திவிடும். நாளைக்குச் சனிக்கிழமையும் வருகிறாளாம். இப்போது ஒளிக்கத் தேவையில்லை என்றதும் கிழமைக் கணக்கே இல்லாமல் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் காய்ச்சல் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். பிறகு விதைப்பு என்று எழுதினேன். றேமண்ட் ஐயா வாசித்துவிட்டு, "யாற்ற வயல்?" என்றார், ஒன்றும் தெரியாதவர் மாதிரி.

"என்ட வருஷம் ஐயா" என்றேன்.

அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. ஐந்து வருஷமாகச் சேற்றில் கால் வைக்காதவன், வரம்பில் விழுவேன், இருளப்பன் சிரிப்பான். அது பரவாயில்லை. அப்பா முதல் பிடி எறிவதைச் சின்ன வயதில் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். எந்தக் கையால் எறிந்தார், எந்தப் பக்கம் பார்த்து நின்றார் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. ஐறீனிடம் கேட்டேன். அக்காவைக் கேளுங்கோ என்கிறாள். பிழையாக எறிந்து, இவ்வளவு காலம் நீங்கள் இரண்டு பேரும் காத்துவைத்ததைக் கெடுத்துவிடக் கூடாது. எல்லாவற்றையும் விளக்கமாக எழுதி ஐறீனிடம் கொடுத்துவிடுங்கள்.

தம்பி


ஹெந்தளை
சனிக்கிழமை

தம்பி,

எந்தக் கையானாலும் சரி. எந்தப் பக்கம் பார்த்தாலும் சரி. நீ வா.

அக்கா